ஓர் அரைப்புள்ளியும் டெக்சாஸ் அரசியலமைப்பும்

1874 ஜனவரியில் டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினில், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்திருந்தன. கீழ்த்தளத்தில் ஆளுநர் எட்மண்ட் டேவிஸ். காவலுக்கு ஆயுதம் ஏந்திய ஆட்கள். மாடியில், முந்தைய மாதத் தேர்தலில் அவரை ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்திய ரிச்சர்ட் கோக்கின் கட்சிக்காரர்கள். சட்டமன்ற அறைகளின் சாவியை வாங்கி, மேலே போய் இடம் பிடித்துவிட்டார்கள். கீழே இருந்தவர் இறங்க மறுத்தார், மேலே இருந்தவர்கள் நகர மறுத்தார்கள்.

தோற்ற பிறகும் டேவிஸ் நாற்காலியை விடாததற்கு அவர் கையில் ஒரு தீர்ப்பு இருந்தது. ஹூஸ்டனில் இரண்டு முறை வாக்களித்ததாகக் கைதான ஒருவரின் வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. தேர்தலே செல்லாது என்றால் இரட்டை வாக்கு எப்படிக் குற்றமாகும் என்பது வாதம். அப்போது நடப்பில் இருந்த 1869 அரசியலமைப்பில் தேர்தல் பற்றி ஒரு வாக்கியம் உண்டு. தேர்தல்கள் கவுண்டி எனப்படும் மாவட்டங்களின் தலைநகரங்களில் நடக்க வேண்டும், சட்டம் வேறுவிதமாக வகுக்கும்வரை என்று சொல்லி, அங்கே ஓர் அரைப்புள்ளி வைத்து, வாக்குச்சாவடிகள் நான்கு நாள் திறந்திருக்க வேண்டும் என்று முடியும் வாக்கியம் அது. சட்டமன்றம் அந்த நான்கு நாளை ஒரு நாளாகக் குறைத்திருந்தது. மாற்றிக்கொள்ளும் உரிமை அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பதற்கு மட்டும்தான், பின்னால் இருக்கும் நான்கு நாளைத் தொட முடியாது என்றது நீதிமன்றம். ஒரு நாள் நடந்த தேர்தல் செல்லாமல் போனது. இன்றைக்கும் டெக்சாஸ் வரலாற்றில் அந்த நீதிபதிகளுக்கு 'அரைப்புள்ளி நீதிமன்றம்' என்றுதான் பெயர்.

டேவிஸ் படை கேட்டு வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். குடியரசுத் தலைவர் கிராண்ட் மறுத்துவிட்டார். ஜனவரி 15 அன்று மாடியில் கோக் பதவியேற்றார். 19-ஆம் தேதி டேவிஸ் விலகினார். துப்பாக்கி வெடிக்காமல் முடிந்தது அதிர்ஷ்டம். ஆனால் அந்த வாரத்தின் கசப்பு போகவில்லை. அடுத்த ஆண்டே புது அரசியலமைப்பு எழுத ஆள்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1876 பிப்ரவரி 15 அன்று மக்கள் வாக்களித்து ஏற்ற அந்தச் சட்டம்தான் திருத்தத்துக்கு மேல் திருத்தமாக இன்று மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்களை ஆள்கிறது. இன்னொரு டேவிஸ் வரவே கூடாது என்ற ஒரே எண்ணத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. அதன் ஒவ்வொரு வினோதத்துக்கும் அந்தக் கோபம்தான் வேர் என்பது என் வாசிப்பு.

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவர்களுக்கு 'மாநில அரசியலமைப்பு' என்ற சொல்லே கொஞ்சம் புதிது. தமிழ்நாட்டுக்கென்று தனி அரசியல் சட்டம் கிடையாது. ஆளுநர், சட்டமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாமே இந்திய அரசியலமைப்பின் ஆறாம் பகுதியில், 152 முதல் 237 வரையான பிரிவுகளுக்குள் அடங்கிவிடும். கேரளத்துக்கும் பீகாருக்கும் அதே பிரிவுகள்தான். தனக்கெனத் தனி அரசியலமைப்பு வைத்திருந்தது ஜம்மு காஷ்மீர் மட்டும். அதுவும் 1957-இல் நடைமுறைக்கு வந்து 2019-இல் முடிந்தது.

அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களுக்கும் ஐம்பது அரசியலமைப்புகள். அவற்றைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டாட்சி அரசியலமைப்பு வாஷிங்டனுக்கு இன்னின்ன அதிகாரம் என்று எண்ணிக் கொடுக்கிறது. கொடுக்காதது எல்லாம் மாநிலங்களிடமும் மக்களிடமும் தங்கிவிடுகிறது. இந்தியாவில் எஞ்சிய அதிகாரம் ஒன்றியத்துக்கு, அங்கே மாநிலத்துக்கு. ஆகவே ஒரு மாநில சட்டமன்றம் இதைச் செய்யலாமா என்று அனுமதி தேடிப் போக வேண்டியதில்லை. தடுக்கப்படாத எதையும் செய்யலாம். மாநில அரசியலமைப்பின் முதல் வேலை அந்தத் தடைகளைப் போடுவது. வயலில் மாடு இறங்காமல் வேலி கட்டுவது போல. டெக்சாஸ்காரர்கள் கட்டிய வேலி மிக உயரமானது. கூட்டாட்சி அரசியலமைப்பு சட்டைப்பையில் அடங்கும். டெக்சாஸுடையது எண்பதாயிரம் சொற்களைத் தாண்டும். முன்னதற்கு 27 திருத்தங்கள், பின்னதற்கு 500-க்கும் மேல்.

டேவிஸைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளையிலிருந்து வந்த கறுப்பின ஆண்கள் முதன்முறையாக வாக்களித்த காலத்து ஆளுநர் அவர். நீதிபதிகளையும் அரசுத் தலைமை வழக்கறிஞரையும் நியமிக்கும் அதிகாரம் அவர் கையில் குவிந்திருந்தது. மாநிலக் காவல்படை அமைத்தார், சில கவுண்டிகளில் இராணுவச் சட்டம் கொண்டுவந்தார், வரியும் ஏறியது. அதே ஆட்சிதான் மாநிலம் முழுக்கப் பொதுப்பள்ளிகளைத் திறந்தது. அதே காவல்படையில்தான் கறுப்பினத்தவர் சீருடை அணிந்து துப்பாக்கி தாங்கினார்கள். அதிகாரக் குவிப்பு பிடிக்காமல் எதிர்த்தவர்கள் உண்டு, கறுப்பினக் காவலரைக் கண்ணெதிரே பார்க்கப் பொறுக்காமல் எதிர்த்தவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான். இந்த அரசியலமைப்பின் சிக்கனத்தையும் அடக்கத்தையும் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் போவது எனக்கு வருத்தம் தரும்.

1875-இல் கூடிய மன்றத்தில் 90 பேர். அவர்களில் நாற்பது பேர் அளவுக்கு 'கிரேஞ்ச்' என்ற விவசாயிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்தார்கள். பேச்சுகளைக் குறித்துக்கொள்ளச் சுருக்கெழுத்தாளர் வைத்தால் செலவு என்று அதையும் வேண்டாம் என்றார்கள். ஆளுநரின் ஆண்டுச் சம்பளத்தை 5,000 டாலரிலிருந்து 4,000-க்கு இறக்கினார்கள். பதவிக்காலத்தை நான்கிலிருந்து இரண்டு ஆண்டாக்கினார்கள். சட்டமன்ற உறுப்பினருக்கு முதல் 60 நாளுக்குத் தினம் 5 டாலர், அதற்கு மேல் இழுத்தால் 2 டாலர். கூட்டம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். பற்றாக்குறையைச் சமாளிக்க மாநிலம் வாங்கக்கூடிய கடன் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் போகக் கூடாது. நீதிபதிகள் அத்தனை பேரையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். டேவிஸ் கட்டிய பள்ளி நிர்வாகத்தையும் கலைத்துப் போட்டார்கள்.

அவர்கள் செய்ததிலேயே பெரிய காரியம், ஆளுநரைப் பல துண்டுகளாக வெட்டியது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வாக்குச்சாவடியில்தான் தெரிந்துகொண்டேன். 2018 நவம்பரில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் வாக்கு இயந்திரத்தின் முன் நின்றேன். அப்போதைய இயந்திரத்தில் ஒரு சக்கரம் இருக்கும். அதைத் திருகித் திருகி ஒவ்வொரு பெயராக நகர வேண்டும். ஆளுநருக்கு ஒரு வாக்கு. துணை ஆளுநருக்குத் தனியாக ஒன்று. அரசுத் தலைமை வழக்கறிஞர், கணக்கையும் கருவூலத்தையும் பார்க்கும் கம்ப்ட்ரோலர், நில ஆணையர், வேளாண் ஆணையர், இரயில்வே ஆணையத்துக்கு ஓர் உறுப்பினர். திருகத் திருகப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு நீதிபதிகள்! முடியவே முடியாது போலிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

அந்தப் பட்டியலின் பொருள் பிறகுதான் உறைத்தது. இவர்கள் யாரும் ஆளுநரின் அமைச்சர்கள் இல்லை. ஆளுநர் இவர்களை நியமிக்கவில்லை, நீக்கவும் முடியாது. வேறு கட்சிக்காரர்களாக இருந்தாலும் கூடவே இருந்துதான் ஆக வேண்டும். ஒருவர் அமைச்சரவை அமைத்து எல்லாத் துறையையும் தன் குடைக்குள் வைத்திருக்கும் முதலமைச்சர் முறை பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். பெரிய பதவிகளில் ஆளுநர் நியமிப்பது என்று பார்த்தால் மாநிலச் செயலாளர் ஒருவர். மற்றபடி வாரியங்களுக்கும் ஆணையங்களுக்கும் உறுப்பினர்களைப் போடுவார், அதற்கும் செனட்டின் ஒப்புதல் வேண்டும்.

இரயில்வே ஆணையத்தின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 1891-இல் இரயில் கட்டணங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய அமைப்பு அது. எண்ணெய் வந்த பிறகு எண்ணெயும் எரிவாயுவும் அதன் கைக்குப் போயின. 2005-இல் இரயில் சம்பந்தப்பட்ட கடைசி வேலையும் வேறு துறைக்கு மாறியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாநிலத்தின் மிகப்பெரிய தொழிலை மேற்பார்வையிடும் மூன்று பேரை, இரயில் பார்க்கிறவர்கள் என்று நினைத்தே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அதிகாரத்தைச் சிதறடித்தால் பொறுப்பும் சிதறும். 2021 பிப்ரவரிப் பனிப்புயல் அதைக் காட்டியது. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும் கட்டடங்களிலும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மாநில சுகாதாரத் துறையின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். குளிரில் விறைத்தவர்கள், சூடு வேண்டிக் காரை ஓடவிட்டு அந்தப் புகையில் மூச்சடைத்தவர்கள். மின் நிலையங்கள் உறைந்தன. எரிவாயுக் கிணறுகளும் உறைந்தன. எரிவாயு இல்லாமல் நின்ற மின் நிலையங்களும், மின்சாரம் போனதால் நின்ற எரிவாயு நிலையங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. மின்சாரத்தை மேற்பார்வையிடுவது ஆளுநர் நியமிக்கும் பொதுப் பயன்பாட்டு ஆணையம். எரிவாயுவை மேற்பார்வையிடுவது மக்கள் தேர்ந்தெடுக்கும் இரயில்வே ஆணையம். சில வாரங்களில் முன்னதன் உறுப்பினர்கள் மூவரும் பதவி விலகினார்கள். பின்னதில் ஒருவர்கூட விலகவில்லை. விலகச் சொல்லும் அதிகாரம் ஆளுநருக்கு இல்லை. ஒரே குழாயின் இரண்டு முனைகளுக்கு இரண்டு எசமானர்கள். ஒருவனிடம் எல்லா அதிகாரமும் போகக் கூடாது என்று 1875-இல் பயந்தவர்கள், ஒரு நாள் மாநிலமே இருண்டு கிடக்கும்போது யாரைக் கேட்பது என்பதை யோசிக்கவில்லை.

சட்டமன்றத்துக்கு வருவோம். பிரதிநிதிகள் அவையில் 150 பேர், செனட்டில் 31 பேர். ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி 140 நாளில் கலைந்துவிட வேண்டும். மாதச் சம்பளம் 600 டாலர், அதாவது ஆண்டுக்கு 7,200. கூடும் நாள்களுக்குப் படி தனி. இந்தத் தொகை அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது; ஏற்ற வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கு கேட்க வேண்டும், எந்த மக்கள் சரி என்பார்கள்? விவசாயி அறுவடைக்கு இடையில் வந்து சட்டம் செய்துவிட்டு ஊருக்குத் திரும்புவான் என்பது பழைய கற்பனை. நடப்பில், வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஆசிரியரோ செவிலியரோ ஐந்து மாதம் ஆஸ்டினில் தங்க முடியாது. வக்கீல்களுக்கும் தொழில் முதலாளிகளுக்கும்தான் அது கட்டுப்படியாகும்.

இடையில் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்ட ஆளுநரால் மட்டுமே முடியும். முப்பது நாள், அவர் சொல்லும் பொருள்களில் மட்டுமே சட்டம் செய்யலாம். டேவிஸின் சாயல் இல்லாத ஆளுநரைப் படைக்கப் போனவர்கள், இந்த ஆயுதத்தை அவர் கையில் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது ஆயுதம் மறுப்பாணை. கூட்டத்தொடரின் கடைசி நாள்களில்தான் மசோதாக்கள் குவிந்து நிறைவேறும். அவை கலைந்த பிறகு ஆளுநருக்கு இருபது நாள் அவகாசம். அந்த நாள்களில் அவர் மறுத்தால், மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதைத் தோற்கடிக்க அவையில் ஆளே இருக்காது. ஆகவே 140 நாள் என்ற வேலி ஆளுநரைப் பலவீனமாக்குவதற்குப் பதில் பலப்படுத்திவிட்டது. சட்டமன்றம் ஓர் ஆளுநரின் மறுப்பைக் கடைசியாகத் தோற்கடித்தது 1979-இல், அதுவும் ஒரு கவுண்டியின் வேட்டை விதி பற்றிய மசோதாவுக்காக. 2025 ஜூன் 22 இரவு, கெடு முடிய நிமிடங்கள் இருக்கும்போது ஆளுநர் கிரெக் அபட் ஒரு மசோதாவை மறுத்தார். கஞ்சா வகைச் செடியிலிருந்து வரும் போதைப்பொருள் விற்பனையைத் தடைசெய்ய, துணை ஆளுநர் டான் பேட்ரிக் அந்தக் கூட்டத்தொடர் முழுக்கப் பாடுபட்டுக் கொண்டுவந்த மசோதா அது. இருவரும் ஒரே கட்சி.

துணை ஆளுநர் என்றதும் ஓர் அலங்காரப் பதவி என்று தோன்றும். டெக்சாஸில் அது பலரின் கணிப்பில் ஆளுநரைவிடப் பெரிய நாற்காலி. மாநிலம் முழுக்கத் தனியாக வாக்கு வாங்கி வருகிறவர் அவர். செனட்டுக்குத் தலைமை தாங்குகிறார். குழுக்களை அமைப்பதும், எந்த மசோதா எப்போது அவைக்கு வரும் என்று முடிவு செய்வதும் அவர். இந்தப் பலத்தில் பெரும்பகுதி அரசியலமைப்பில் இல்லை, செனட் தானே எழுதிக்கொண்ட விதிகளில் இருக்கிறது. எழுதப்பட்டதைவிட வழக்கம் வலியது.

அவை நடக்க மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இருந்தாக வேண்டும் என்ற கோரம் விதி 1876-க்கு முந்தைய டெக்சாஸ் அரசியலமைப்புகளிலிருந்தே தொடர்ந்து வருவது. பெரும்பாலான மாநிலங்களில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். இங்கே 150-இல் 51 பேர் எழுந்து போனால் அவை நின்றுவிடும். சிறுபான்மைக் கட்சிக்கு இருக்கும் கடைசிப் பிடி அது. 1979-இல் பன்னிரண்டு செனட்டர்கள் நாள்கணக்கில் ஒளிந்துகொண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்டினிலேயே ஒரு சின்ன வீட்டில். காவல்துறை மாநிலமெங்கும் தேடியது. அவர்கள் எதிர்த்த மசோதா கைவிடப்பட்டது. 2003-இல் ஓக்லஹோமாவுக்கும், 2021-இல் வாஷிங்டனுக்கும், 2025-இல் தொகுதி மறுவரையறையை எதிர்த்து இல்லினாய்ஸுக்கும் உறுப்பினர்கள் போனார்கள். இந்த மூன்று முறையும் அவர்கள் எதிர்த்த சட்டம் கடைசியில் நிறைவேறிவிட்டது. வராதவர்களைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவர அவைக்கு அதிகாரம் உண்டு என்று அரசியலமைப்பின் அதே வரி சொல்கிறது. 2021-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பதவி நீக்கமும் சட்டமன்றத்தின் கையில்தான். கீழவை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும். குற்றம் சாட்டிய கணத்திலிருந்து அந்த அதிகாரி இடைநீக்கத்தில் இருப்பார். 1917-இல் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிதியை வெட்டிய ஆளுநர் ஜேம்ஸ் ஃபெர்கூசன் இந்த வழியில்தான் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மீண்டும் நிற்கத் தடை இருந்ததால் 1924-இல் மனைவி மிரியமை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். 2023 மே மாதம் அரசுத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் மீது கீழவை 121-க்கு 23 என்ற கணக்கில் குற்றம் சாட்டியது. செப்டம்பரில் செனட் அவரை விடுவித்தது.

அதே பாக்ஸ்டன் மூன்றாவது துறையான நீதித்துறையின் கதையிலும் வருகிறார். டெக்சாஸுக்கு உச்ச நீதிமன்றங்கள் இரண்டு. உரிமையியல் வழக்குகளுக்கு ஒன்பது பேர் கொண்ட உச்ச நீதிமன்றம், குற்றவியலுக்கு ஒன்பது பேர் கொண்ட குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம். மரண தண்டனையில் மாநிலத்தின் கடைசிச் சொல் பின்னதுடையது. பதினெட்டுப் பேரும் கட்சிச் சின்னத்தில் நின்று ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வாக்கு கேட்டாக வேண்டும்.

அரசியலமைப்பின் இரண்டாம் அத்தியாயம் ஒரே ஒரு பிரிவு. அதிகாரம் மூன்று தனித்தனித் துறைகளாகப் பிரிக்கப்படும், ஒரு துறையில் இருப்பவர் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டால் ஒழிய மற்றொன்றின் அதிகாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அது நேராகச் சொல்கிறது. கூட்டாட்சி அரசியலமைப்பில் இப்படி ஒரு வெளிப்படையான வரி கிடையாது. இதை வைத்து 2021 டிசம்பரில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், தேர்தல் குற்றங்களில் அரசுத் தலைமை வழக்கறிஞர் தானாகவே வழக்குத் தொடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அவர் நிர்வாகத் துறை; உள்ளூர் அரசு வழக்கறிஞர்களை அரசியலமைப்பு நீதித்துறையின் கீழ் வைத்திருக்கிறது; அவர்கள் அழைக்காமல் இவர் நுழையக் கூடாது என்பது காரணம். எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் மறுபக்கம். பாக்ஸ்டன் அந்த எட்டுப் பேரில் மறுதேர்தலுக்கு நின்ற மூவருக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார். 2024 மார்ச் உட்கட்சித் தேர்தலில் மூவரும் தோற்றார்கள். மூவரும் அவருடைய கட்சிக்காரர்கள்தான். நீதிபதியை மக்கள் தேர்ந்தெடுப்பது ஜனநாயகம் என்று வாதிடுகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான்: அடுத்த முறை அந்த நாற்காலியில் இருப்பவர், தீர்ப்பு எழுதும்போது எதை நினைத்துக்கொள்வார்?

2018-இல் நான் சக்கரத்தைத் திருகிய அதே நாளில், ஹாரிஸ் கவுண்டியில் போட்டியிருந்த 59 நீதிபதி இடங்களையும் ஒரே கட்சி அள்ளியது. அந்த 59 பேரில் ஒருவரைப் பற்றியாவது ஏதேனும் தெரிந்து வாக்களித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கட்சிப் பெயரை ஒரே முறை அழுத்தினால் பட்டியல் முழுக்க வாக்குப் போகும் வசதி அன்று இருந்தது. 2020-இல்தான் அது நின்றது.

இனி திருத்தங்கள். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு, பிறகு மக்கள் வாக்கில் சாதாரணப் பெரும்பான்மை, இவ்வளவுதான் வழி. ஆளுநரின் கையெழுத்து தேவையில்லை. 1876-இல் எல்லாவற்றையும் எழுதிக் கட்டிவிட்டதால், எதை அவிழ்க்கவும் மக்களிடம் வர வேண்டியிருக்கிறது. தோல் ஆய்வாளர் என்று ஒரு பழைய பதவி, மாட்டுத் தோலிலும் கால்நடையிலும் சூட்டுக்குறி பார்க்கிறவர். அதை அரசியலமைப்பிலிருந்து எடுக்க 2007-இல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. 2021-இல் ரோடியோ என்ற குதிரை, காளை அடக்கும் போட்டிகளின் மைதானங்களில் அறக்கட்டளைகள் குலுக்கல் சீட்டு நடத்தலாமா என்று கேட்டார்கள்.

சிரிப்பு வரலாம், ஆனால் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றையும் இது நேராகத் தொடுகிறது. வருமான வரி இல்லாத மாநிலம் இது. 2019-இல் அந்தத் தடையையும் மக்கள் அரசியலமைப்பில் பூட்டிவிட்டார்கள். ஆகவே பாரம் சொத்து வரியில் இறங்குகிறது. வசந்தத்தில் கவுண்டியிலிருந்து மதிப்பீட்டுக் கடிதம் வரும். குடியிருக்கும் வீட்டுக்கான விலக்கு போக, மிச்சத்துக்கு வரி. பள்ளி வரியில் அந்த விலக்கு 40,000 டாலராக இருந்தது, 2023-இல் ஒரு லட்சமானது, 2025 நவம்பரில் 1,40,000 ஆனது. ஒவ்வொன்றும் அரசியலமைப்புத் திருத்தம். ஊரில் பட்ஜெட் உரையில் ஒரு வரியாக வந்து போகும் விஷயத்துக்கு இங்கே மாநிலம் முழுக்க வாக்குச்சாவடி திறக்கிறார்கள். இந்த வாக்கெடுப்புகளுக்கு வருகிறவர்கள் குறைவு. குடியுரிமை வாங்கிய நம்மவர்களில் பலர் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு மட்டும் போய்விட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

முழுக்கப் புதிதாக எழுதிவிடலாம் என்றும் ஒருமுறை முயன்றார்கள். 1974-இல் சட்டமன்றமே அரசியலமைப்பு மன்றமாகக் கூடி ஏழு மாதம் உழைத்தது. கடைசி வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்று வாக்கு குறைந்தது. மறு ஆண்டு அதே வரைவை எட்டுத் திருத்தங்களாகப் பிரித்து மக்கள் முன் வைத்தார்கள். எட்டையும் மக்கள் நிராகரித்தார்கள்.

இத்தனை குறையுள்ள சட்டத்தை நான் ஏன் மதிக்கிறேன் என்றால், அதன் ஏழாம் அத்தியாயத்தின் முதல் பிரிவுக்காக. மக்களின் உரிமைகளும் சுதந்திரமும் நிலைக்க அறிவு எங்கும் பரவுவது இன்றியமையாதது என்பதால், இலவசப் பொதுப்பள்ளிகளுக்குத் திறமையான ஓர் அமைப்பை நிறுவிப் பேணுவது சட்டமன்றத்தின் கடமை என்கிறது அது. எழுதியவர்கள் டேவிஸின் பள்ளிகளைக் கலைத்த அதே மனிதர்கள்.

சான் அன்டோனியோ நகரின் மேற்குப் பகுதியில் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம். பெரும்பாலும் மெக்சிக வம்சாவளி ஏழைக் குடும்பங்கள். அதே நகரில் ஆலமோ ஹைட்ஸ், பணக்காரர்கள் வாழும் இடம். பள்ளிச் செலவில் ஒரு பெரிய பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வர வேண்டும். 1960-களின் இறுதியில் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். கிடைத்தது மாணவருக்கு 26 டாலர். ஆலமோ ஹைட்ஸ் 85 சென்ட் கட்டியது. கிடைத்தது 333 டாலர். அதிகம் கட்டியவனுக்குக் குறைவு, குறைவாகக் கட்டியவனுக்கு அதிகம்.

விமானப்படைத் தளத்தில் தகரத் தொழிலாளியாக இருந்த டிமெட்ரியோ ரோட்ரிகஸும் மற்றப் பெற்றோர்களும் 1968-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1973 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி என்ற சொல்லே கூட்டாட்சி அரசியலமைப்பில் இல்லை. ஆகவே அது அடிப்படை உரிமையும் இல்லை.

அங்கே முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் மாநிலத்துக்கென்று தனி அரசியலமைப்பு இருந்தது, அதில் கல்வி இருந்தது, 'திறமையான' என்ற ஒரு சொல் இருந்தது. எட்ஜ்வுட் இந்த முறை மாநில நீதிமன்றங்களின் படியேறியது. 1989 அக்டோபர் 2 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: பணக்கார மாவட்டத்துக்கும் ஏழை மாவட்டத்துக்கும் மாணவர் ஒருவருக்கான சொத்து மதிப்பில் 700 மடங்கு வித்தியாசம் இருக்கும் அமைப்பு திறமையான அமைப்பு ஆகாது, அரசியலமைப்புக்கு விரோதமானது. தேர்தலில் கட்சிச் சின்னத்தில் நின்று வந்த நீதிபதிகள்தான் அவர்களும்.

நீதிமன்றம் சொல்லிவிட்டதால் பணம் வந்துவிடவில்லை. வரிச் சட்டம் எழுத வேண்டியது சட்டமன்றம். அது எழுதிய முதல் திட்டத்தை நீதிமன்றம் அடித்தது, அடுத்ததையும் அடித்தது. 1993 மே மாதம் மக்கள் முன் வைத்த திருத்தத்தை மக்கள் தோற்கடித்தார்கள். அந்த ஆண்டே பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கை எடுத்து ஏழை மாவட்டங்களுக்குத் தரும் சட்டம் வந்தது; 'ராபின் ஹூட்' என்று ஊரே பெயர் வைத்தது. 1995-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. வேறு மாவட்டங்கள் தொடுத்த வழக்குகள் அதற்குப் பிறகும் வந்தன. 2016-இல் அதே நீதிமன்றம், குறைகள் நிறைந்திருந்தாலும் இந்த அமைப்பு அரசியலமைப்பின் குறைந்தபட்சத் தேவையை நிறைவேற்றுகிறது, மேற்கொண்டு சீர்திருத்துவது சட்டமன்றத்தின் வேலை என்று கூறித் தன் கதவை மூடிக்கொண்டது.

ரோட்ரிகஸ் 2013-இல் காலமானார். 1968-இல் அவரும் மற்றவர்களும் யாருக்காக வழக்குப் போட்டார்களோ, அந்தப் பிள்ளைகள் 1995 தீர்ப்பு வந்தபோது தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதில் இருந்தார்கள்.